மெல்லாத வெற்றிலை

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, மேசை விரிப்பை எப்படி விரிப்பது, ஒரு கையில் எத்தனை பீங்கான் அடுக்கலாம், வைன் போத்தலை எந்தப் பக்கத்தால் சரிப்பது என்பதெல்லாம் உங்களுக்கு ஒரு கிழமையில் பழகிவிடும். அதைக் காட்டித் தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் வந்தது அதற்கில்லை.

மொன்றியல் நகர நடுவில் ஒரு பெரிய ஹோட்டலின் விருந்து மண்டபப் பகுதியில் கோப்பை கழுவச் சேர்ந்து, பரிமாறப் போய், கடைசியில் ஒரு மாடி முழுக்கப் பரிமாறுகிறவர்களை நடத்துகிற கப்டனாக நின்று ஓய்வு பெற்றவள் நான். மட்டக்களப்பில் ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. பிரெஞ்சு இந்த மண்டபங்களில் காதால் படித்தது. அதற்காக நான் ஒருநாளும் தலை குனிந்ததில்லை. என் மாடியில் ஒரு விருந்தும் கெட்டதில்லை. இதை நிமிர்ந்து நின்றுதான் சொல்லுவேன்.

எனக்கு வேலை பழக்கியவர் ஒரு போர்த்துக்கீசக்காரி. பேர் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. கதை குறைந்த மனுசி. சேர்ந்த புதிதில் நான் விருந்தாளிகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பேன். அவர் ஒருநாள் என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், முகத்தைப் பார்க்காதே, கையைப் பார் என்றார். முகம் வீட்டிலேயே உடுத்திக்கொண்டு வருவது, கைக்கு உடுப்பில்லை என்பது அவருடைய எண்ணம். எனக்கு அப்போது விளங்கவில்லை.

பிறகு ஒரு கம்பனிக்காரரின் சாப்பாடு. ஒரு கனவான் வாய் நிறையச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார். கை மட்டும் மேசைக்குக் கீழே, மடியில் விரித்த துணியை ஈரம் பிழிகிற மாதிரிப் பிழிந்துகொண்டிருந்தது. என் கப்டனான அந்தப் போர்த்துக்கீசக்காரி போய் அவருக்கு முன்னால் இருந்த போத்தலையும் கிளாசையும் வெறும் துப்புரவு வேலை போல எடுத்துவிட்டு, ரொட்டித் துண்டுகள் இருந்த பாண் கூடையைத் தள்ளி வைத்தார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கனவான் எழும்பி, எதிரில் இருந்த கம்பனிப் பங்காளியின்மேல் கையில் அகப்பட்டதை எடுத்து வீசினார். அன்றைக்குப் பறந்தது பாண். இல்லாவிட்டால் போத்தல் பறந்து பொலிஸ் வந்திருக்கும். அதன் பிறகு நான் முகம் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

இதை ஏன் சொல்லுகிறேன் என்றால், அந்தப் புத்தி என்னைக் காப்பாற்றிய ஒரு காலைப்பொழுது இருக்கிறது.

ஒரு வருஷம் பனிக்காலம் முடிகிற சமயத்தில், சமாதானத்தைப் பற்றியும் சண்டைகளைத் தீர்ப்பதைப் பற்றியும் ஆராய்கிற படிப்பாளிகள் உலகம் முழுதிலுமிருந்து எங்கள் ஹோட்டலில் கூடினார்கள். சமாதானம் படிக்கிறவர்கள் சாதுவாக இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். பல் வைத்தியர்களின் கூட்டம் இதைவிட அமைதி. எந்த நாட்டில் சண்டை நடக்கிறதோ அந்த நாட்டின் இரண்டு பக்கத்து ஆட்களையும் கூப்பிட்டிருந்தார்கள். இவர் அவருக்குப் பக்கத்தில் இருக்க மாட்டார், அவர் கதவுக்கு முதுகு காட்டி இருக்க மாட்டார். நீட்டு மேசை போட்டால் தலைமாட்டில் யார் இருப்பது என்று ஒரு பிரச்சினை. நாங்கள் எல்லா அறையிலும் வட்ட மேசை போட்டோம்.

இரண்டாம் நாள் காலை ஒரு அறை எங்கள் நாட்டுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். அப்போது ஊரில் யுத்தநிறுத்தம். பாதை திறந்து, சனம் கொஞ்சம் மூச்சு விட்ட காலம். அந்த அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் வட ஐரோப்பாப் பக்கத்துப் பேராசிரியை ஒருவர். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் தங்கி வேலை செய்தவர், நல்ல மனுசி. அவர் மனேஜரிடம் ஒன்று கேட்டிருந்தார். கதைக்க வருகிறவர்களுக்கு வாசலில் வெற்றிலை கொடுக்க வேண்டும், இரண்டு இனத்துக்கும் அது மரியாதை, அந்த நாட்டுக் கையாலேயே கொடுத்தால் நல்லது என்று.

மனேஜர் கியூபெக்காரர். மனது நல்லது, ஆனால் ஒரே நாட்டிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் ஒரே குடும்பம் என்று நினைக்கிற ஆள். என்னைக் கூப்பிட்டு, மதாம், உங்கள் நாட்டு ஆட்கள் வருகிறார்கள், உங்களுக்குப் பெருமையாக இருக்கும், நீங்களும் மலரும் அந்த அறையை எடுங்கள் என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் பெரிய பரிசு தருகிற முகத்தோடுதான் சொன்னார்.

மலர் யார் என்று சொல்ல வேண்டும். படுவான்கரைப் பக்கத்துப் பிள்ளை. வாவிக்கு அந்தப் புறம், வயலும் காடுமான இடம். முப்பது வயது இருக்கும். நகரின் ஓரம் பியர்பொன்ட்ஸில் புருசனோடும் ஒரு சின்ன மகளோடும் இருந்தாள். விடியப் பிள்ளையைக் கார்தரியில், பிள்ளைக் காப்பகத்தில், விட்டுவிட்டு, பஸ்சும் ரயிலும் மாறி வேலைக்கு வருவாள். வேலை நிரந்தரமாகவில்லை, பார்த்துப் பிடித்தால் வைத்திருப்போம் என்கிற தவணையில் இருந்தாள். ஊரில் தனியே இருந்த தாயைக் கூப்பிட எல்லா ஒழுங்கும் செய்து விசாவும் எடுத்துவிட்டாள். தாய் வரவில்லை. மகன் வந்தால் வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது என்று அந்த மனுசி அசையவில்லை. மகன், மலருடைய அண்ணன் யோகன், ஒரு ஆமிச் சுற்றிவளைப்பில் பிடிபட்டுப் போனவன். அன்றிலிருந்து அந்தத் தாய் வாசல் கதவுக்குக் கொளுக்கி போடாமல்தான் படுக்கிறாள் என்று மலர் ஒருநாள் கோப்பை துடைத்துக்கொண்டே என்னிடம் சொல்லியிருந்தாள். அழாமல்தான் சொன்னாள். எனக்குத்தான் கையிலிருந்த கோப்பை கனத்தது.

வெற்றிலை வாங்கி வந்தது நான். குளிர் பட்டால் கறுத்துவிடும் என்று ஈரத் துணியில் சுற்றி, கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெத்ரோவில் வந்தேன். வெற்றிலை வைக்க என் வீட்டு வட்டாவையும் கொண்டு வந்தேன். அடியில் கால் வைத்த பித்தளைத் தட்டு, அதைத்தான் எங்கள் பக்கத்தில் வட்டா என்போம். பாரம். ஒரு கையால் பிடிக்க முடியாது, பிடிக்கவும் கூடாது.

எங்கள் பக்கத்தில் வரப்புச் சண்டையோ, மாடு வயலில் இறங்கிய சண்டையோ, கதைத்துத் தீர்க்க வேண்டுமென்றால் வட்டாவில் வெற்றிலை வைத்து இரண்டு கையாலும் நீட்டுவோம். எதிராளி எடுத்தால், சொல்லு, கேட்கிறேன் என்று அர்த்தம். எடுத்தவர் கேட்காமல் எழும்பிப் போக முடியாது. கதைத்து முடிந்து மனம் ஆறினால் அந்த இடத்திலேயே வெற்றிலையை மெல்லுவார்கள். மென்றால் கதை அதோடு சரி. மெல்லாமல் மடியில் முடிந்துகொண்டு போனால், இன்னும் தீரவில்லை என்று பொருள். சிங்கள ஆட்களிடமும் வெற்றிலை பெரிய மரியாதைதான். எதையும் கேட்கப் போகிறவர்கள் வெற்றிலையோடு போவார்கள்.

அன்று காலை நாங்கள் அறைக்கு வெளியே தேநீர் மேசை போட்டுக்கொண்டிருந்தோம். ஆட்கள் இன்னும் வரவில்லை. ஒருவர் மட்டும் நேரத்தோடு வந்தார். அறுபது வயது, நேரான முதுகு, சாம்பல் நிறக் கோட்டு. கழுத்தில் தொங்கிய அட்டையில் ஏதோ ஆராய்ச்சி நிலையத்தின் பேர். மலரின் நெஞ்சில் குத்தியிருந்த பேரைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து, தமிழிலேயே கேட்டார்.

"தங்கச்சி, தேத்தண்ணி. சீனி வேணாம். ஊர் எங்க?"

மலர் ஊற்றினாள். கோப்பை நிரம்பியது. அவள் நிறுத்தவில்லை. சாசர் நிரம்பி, வெள்ளை விரிப்பில் தேநீர் படர்ந்து, அவருடைய சட்டைக் கைப்பக்கம் போனது. நான் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய கையைப் பார்த்தேன். அது தேநீர்க் கெண்டியை விடவும் இல்லை, நிமிர்த்தவும் இல்லை. நான் போய்க் கையோடு சேர்த்துக் கெண்டியை வாங்கினேன். அவர் பரவாயில்லை, பரவாயில்லை என்று சிரித்தபடி நகர்ந்தார். மலர் பின்னறைக்குள் போய்விட்டாள்.

விரிப்பை மாற்றிவிட்டு நானும் போனேன். அவள் அன்னாசி வெட்டிக்கொண்டிருந்தாள். அது அவளுடைய வேலையே இல்லை, பழம் குசினியிலிருந்து வெட்டித்தான் வரும்.

"என்னகா புள்ள, என்ன வந்தது உனக்கு?"

"அவன்தான் மாமி."

"எவன்?"

"மில்லுக் காம்ப்காரன். நாளைக்கு வாங்க எண்டு சொன்னவன்."

பிறகு வெட்டிக்கொண்டே சொன்னாள். யோகனையும் வேறு பெடியன்களையும் கொண்டுபோய் ஊருக்கு வெளியே ஒரு பழைய நெல் மில்லில்தான் வைத்திருந்தார்களாம். தாய்மார் எல்லாரும் போய் வெளிவாசலில் நிற்பார்களாம். ஒரு அதிகாரி வந்து, கொச்சைத் தமிழில், மரியாதையாக, நாளைக்கு வாங்க அம்மா என்பானாம். அடுத்த நாளும் அதுதான். கத்தியதில்லை, விரட்டியதில்லை. ஒருநாள் போனபோது மில் வெறுமையாகக் கிடந்தது. ஆமி காம்ப் முழுவதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

எவ்வளவு காலமாகிவிட்டது, ஆள் மாறியிருக்கும் புள்ள என்றேன்.

"முகம் எனக்குத் தெரியா மாமி. நான் அம்மாட சீலைக்குப் பின்னால நிண்டன். குரல்தான் தெரியும். இப்பயும் அப்பிடித்தான் கூப்பிடுறான், தங்கச்சி எண்டு."

குரலை நம்பி ஒரு மனிதனைப் பிடிக்க முடியுமா? நான் அவள் கையிலிருந்த கத்தியை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டு மூடினேன். அசையாமல் இரு என்று சொல்லிவிட்டு, புதுக் கோப்பையில் தேநீரோடு வெளியே போனேன். முந்திய கோப்பைக்கு மன்னிப்புக் கேட்டு, ஐயா நல்லாத் தமிழ் கதைக்கிறீங்க, எங்க படிச்சது என்று கேட்டேன். சந்தோசமாகச் சொன்னார். மட்டக்களப்பில் வேலை செய்தாராம், வாவிக்கு அந்தப் புறம். நல்ல சனமாம், நல்ல தயிராம். எங்கே தங்கினீர்கள் என்று கேட்டேன். ஒரு நெல் மில் இருந்தது, அதில்தான் காம்ப் என்றார். சொல்லி முடித்ததும் என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். கோப்பையைச் சாசரில் வைத்தார். சத்தமே இல்லாமல் வைத்தார்.

நான் திரும்பிப் பின்னறைக்கு நடந்த அந்தத் தூரத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். கதவு திறக்க இன்னும் கொஞ்ச நேரம்தான். பேராசிரியை வெற்றிலை தயாரா என்று கேட்டு ஆள் அனுப்பிவிட்டார்.

எனக்கு முன்னால் மூன்று வழி இருந்தது. மனேஜரிடம் சொல்லலாம். சொன்னால் அவர் பாதுகாப்புக்காரரைக் கூப்பிடுவார். அதில் அவருடைய பிழையில்லை, அதுதான் ஒழுங்கு. மலரை இரண்டு பேர் பின்வாசலால் கூட்டிக்கொண்டு போவார்கள். பேர் எழுதப்படும். வேலை அதோடு சரி. அந்த மனிதருக்கு ஒரு பெட்டி பழம் அனுப்பி வருத்தம் தெரிவிப்பார்கள். இரண்டாவது, நானே மலரைக் கழுவுமிடத்துக்கு அனுப்பிவிட்டு வேறு ஒருத்தியை எடுக்கலாம். யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் அங்கே நிற்பாளா? கழுவுமிடத்திலிருந்து அறைக்கு இரண்டு வாசல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அவளை விடுவதுதான் எனக்குப் பெரிய பயம். மூன்றாவது, அவளை என் கண்ணுக்கு முன்னாலேயே வைத்திருப்பது.

உள்ளே போனேன். அவள் தேநீர்க் கெண்டியை நிரப்பிக்கொண்டிருந்தாள். கொதிதண்ணீர். ஆவி பறந்தது.

"அவனுக்கு என்ன செய்யப் போறாய்?"

"கேக்கப் போறன்."

"கேக்க மட்டுமா?"

அவள் கெண்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "தெரியா மாமி," என்றாள்.

பிள்ளைகளே, அவள் மட்டும்தான் மாமி, சத்தியமாக் கேக்க மட்டும்தான் என்று சொல்லியிருந்தால் நான் அவளை அந்த நிமிசமே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். தெரியா என்று சொன்னாளே, அதில்தான் எனக்கு அவள்மேல் நம்பிக்கை வந்தது. தன்னுடைய கைக்குத் தானே பயந்த ஆளை நம்பலாம்.

கெண்டியை வாங்கி அந்தப் பக்கம் வைத்தேன். வட்டாவைத் தூக்கி அவள் கையில் கொடுத்தேன். இரண்டு கையும் கொடுத்துப் பிடித்தாள். பித்தளைப் பாரம் தோள் வரைக்கும் இறங்கியது. இரண்டு கையும் வட்டாவில் இருக்கிறவளால் கெண்டியைத் தூக்க முடியாது, கத்தியைத் தூக்க முடியாது, கழுத்தைப் பிடிக்க முடியாது. என் போர்த்துக்கீசக்காரி பாண் கூடையைத் தள்ளி வைத்த அதே வேலைதான். ஆனால் எனக்குள் அது மட்டும் இல்லை. இந்த வட்டாவை நீட்டிக் கேட்டால் கேள்விக்கு ஒரு இடம் கிடைக்கும். தேநீர் ஊற்றுகிறபோது கேட்டால் அது வேலைக்காரி போட்ட சத்தம். வெற்றிலை கொடுத்துக் கேட்டால் அது வழக்கு.

"கேள்வி ஒண்டுதான். குரல் உயரப்படா. அவர் சொன்னாலும் சொல்லாட்டியும் அடுத்த ஆளுக்கு வட்டா நீளோணும். ஏலுமா?"

"ஏலும்."

"ஏலாட்டி இப்ப சொல்லு. நான் கோவிக்க மாட்டன்."

"ஏலும் மாமி."

கதவடியில் நின்றோம். அவள் வட்டாவோடு, நான் அவளுக்கு வலப்பக்கம், முழங்கை முட்டுகிற அளவுக்கு. வட்டாவின் கீழே என்னுடைய ஒரு கையும் இருந்தது. பார்க்கிறவர்களுக்கு அது பாரத்துக்குத் தாங்கிய மாதிரி இருக்கும்.  பேராசிரியை முதலில் எடுத்து, முறையாக மடித்து மென்று காட்டினார். பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த தமிழ்ப் பேராசிரியர் ஒருவர், ஆகா மட்டக்களப்பு வட்டா என்று குனிந்து பார்த்தார். ஒரு கனடாக்காரர் சுண்ணாம்பு எரிந்து கண் கலங்கினார். சிரிப்பு எழும்பியது. வாய் சிவந்த படிப்பாளிகள் உள்ளே போய்க் கதிரை தேடினார்கள். மலர் ஒவ்வொருவருக்கும் குனிந்து நீட்டினாள். அவளுடைய விரல்கள் வட்டா விளிம்பில் வெளுத்திருந்தன.

அவர் வந்தார்.

வட்டா நீண்டது. அவர் வழக்கம் தெரிந்தவர். கோட்டுப் பொத்தானைப் போட்டு, தலை சாய்த்து, இரண்டு கையாலும் ஒரு வெற்றிலையை எடுத்தார். ஆயுபோவன் என்று சிங்களத்தில் வணக்கம் சொன்னார். மலர் வட்டாவைப் பின்னுக்கு இழுக்கவில்லை. அவருக்கும் அவளுக்கும் நடுவில் அது அப்படியே நின்றது. அவரால் தாண்டிப் போக முடியவில்லை.

"ஐயா, வெத்திலை எடுத்திட்டீங்க," என்றாள். குரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "மில்லு வாசல்ல நாளைக்கு வாங்க எண்டு சொல்லுவீங்க. என்ட அண்ணன் யோகன் உள்ள இருந்தவர்."

 பின்னால் நின்றவர்கள் ஏதோ சடங்கு என்று நினைத்துப் பொறுமையாக நின்றார்கள். ஒருத்தி படம்கூட எடுத்தாள். என் கைக்கு மேலே வட்டா கொஞ்சம் தாழ்ந்தது. கீழே இருந்த என் கையை நான் கொஞ்சம் உயர்த்திப் பாரத்தை எடுத்துக்கொண்டேன்.

"ஏன் எண்டு நான் கேக்கல்ல. ஆர் எண்டும் கேக்கல்ல. எங்கட அம்மா இண்டைக்கும் கதவுக்குக் கொளுக்கி போடாமப் படுக்கிறா. போடவா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க."

அந்த மனிதருடைய முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அந்த முகத்தை நம்பியிருந்தால் நான் ஏமாந்திருப்பேன். வெற்றிலை பிடித்திருந்த கையைப் பார்த்தேன். பெருவிரல் காம்பைத் தடவிக்கொண்டே இருந்தது, முன்னும் பின்னும். காம்பு முறிந்து கம்பளத்தில் விழுந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

"பேர் ஞாபகம் இல்ல தங்கச்சி," என்றார். மிகவும் மெல்ல.

மலர் வட்டாவை எடுக்கவில்லை. உள்ளேயிருந்து பேராசிரியை எட்டிப் பார்த்தார். நடைபாதையின் முடிவில் மனேஜர் எங்கள் பக்கம் நடக்கத் தொடங்கியதை நான் கண்டேன். இனி அவர் வந்து சேர்வதற்குள் இது முடிய வேண்டும். நான் மலரின் முழங்கையைத் தொடப் போனேன். வரிசையை அசைப்பது கப்டனின் வேலை. தொடவில்லை. ஏன் என்று கேட்டால், அவருடைய வாய் திறந்தது.

"அந்த மாசம் வந்த ஆக்கள் ஒராளும்..." என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு நிலத்தைப் பார்த்துச் சொன்னார்: "போடச் சொல்லுங்க."

மலர் வட்டாவைத் தன் நெஞ்சோடு இழுத்தாள். வழி திறந்தது. அவர் உள்ளே போனார். அவள் பின்னால் நின்ற ஆளுக்குக் குனிந்து வட்டாவை நீட்டினாள். பொன்ஜூர் என்றாள். கடைசி ஆள் உள்ளே போகும் வரைக்கும் ஒரு வெற்றிலையும் கீழே விழவில்லை. பிறகுதான் வட்டாவை என்னிடம் தந்துவிட்டு, பின்னறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். குழாய்ச் சத்தம் நிற்கும்வரை நான் கதவடியிலேயே காவல் நின்றேன்.

மனேஜர் வந்து வரிசை ஏன் நின்றது என்று கேட்டார். வழக்கப்படி வெற்றிலை கொடுத்தால் இரண்டு வார்த்தை கதைக்க வேண்டும் என்றேன். அது பொய்யில்லை. அவருக்கு என் பதில் போதவில்லை. முதல் இடைவேளையில் அந்த மனிதரிடமே போய், எங்கள் ஆட்களால் ஏதும் தொந்தரவா என்று கேட்டார். நான் தண்ணீர்க் கூசாவோடு பக்கத்தில் நின்றேன். மலரின் வேலை அந்த ஒரு சொல்லில் தொங்கியது. அந்த மனிதர் தொந்தரவு ஒன்றும் இல்லை என்றார். பிறகு, அந்தப் பெண் தன் வேலையைச் சரியாகச் செய்தார் என்றும் சொன்னார். அதற்காக நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை. கிளாசில் தண்ணீர் நிரப்பினேன், அவ்வளவுதான்.

அன்று அவர் பேசவும் பேசினார். நான் எதிர்பார்த்ததுபோல் தடுமாறவில்லை. வலக்கையில் தாளைப் பிடித்துக்கொண்டு, நம்பிக்கை, பொறுமை, பழையதைக் கடந்து போவது என்று நல்ல இங்கிலீசில் ஒழுங்காகப் படித்தார். கை தட்டினார்கள். இடக்கை மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை கோட்டுப் பைக்குள் இருந்தது. ஒருமுறைகூட வெளியே வரவில்லை. எல்லாருடைய வாயும் சிவந்திருந்த அந்த அறையில் அவருடைய வாய் மட்டும் சிவக்கவில்லை. கூட்டம் முடிந்து மலர்தான் அந்த மேசையைத் துடைத்தாள். கோப்பையிலும் சாசரிலும் கதிரைக்குக் கீழும் பார்த்தாள். வெற்றிலை இல்லை.

நான் செய்தது சரியா என்று அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது யோசித்தேன். சரிதான். ஆனால் நீங்கள் இதை அப்படியே செய்யப் போகாதீர்கள். இன்னொரு நாள், இன்னொரு கை, அதே வட்டாவால் ஒரு மண்டை உடைந்திருக்கலாம். அப்படி ஒரு கையைக் கண்டிருந்தால் நானே மனேஜரைக் கூப்பிட்டிருப்பேன், அழுதுகொண்டு கூப்பிட்டிருப்பேன். ஒழுங்கு என்பது ஆளைத் தெரியாதவர்களுக்காக எழுதியது. பக்கத்தில் நிற்கிறவளுக்கு ஆளைத் தெரியும். தெரிந்தும் ஒழுங்குக்குப் பின்னால் ஒளியக் கூடாது. ஒளியாமல் விட்டால், வட்டாவின் கீழே உங்களுடைய கையும் இருக்க வேண்டும். விழுந்தால் இரண்டு பேருக்கும்தான் விழும். அவளை மட்டும் முன்னே விட்டு நான் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தால், இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கு வாய் இருந்திராது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலர் பியர்பொன்ட்ஸிலிருந்து புறப்பட்டு, ஆற்றைத் தாண்டி, புரோசார்ட்டில் என் வீட்டுக்கு வந்தாள். தாயோடு கதைக்க வேண்டும், தனியே ஏலாது என்றாள். இங்கே முற்பகல், அங்கே சனம் படுக்கப் போகிற நேரம். பாதை திறந்த பிறகு தாய்க்கு ஒரு கைத்தொலைபேசி வாங்கி அனுப்பியிருந்தாள். என் சமையலறை மேசையில் வைத்து, நானும் கேட்கிற மாதிரிச் சத்தத்தைத் திறந்துவிட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். ஒளிக்கவில்லை, மெழுகவும் இல்லை. தேநீர் வழிந்ததிலிருந்து போடச் சொல்லுங்க என்றது வரை சொன்னாள்.  மறுபக்கத்தில் நாய் ஒன்று தூரத்தில் குரைத்து ஓய்ந்தது. லைன் அறுந்துவிட்டதோ என்று நான் குனிந்து பார்த்தேன்.

"அம்மா?"

"வெத்திலைய மென்டானா?" என்று அந்த மனுசி கேட்டாள்.

"இல்லம்மா. பைக்குள்ள வெச்சுக் கொண்டு போயிட்டான்."



"அப்ப அவனுக்கும் தெரிஞ்சிருக்கு," என்றாள் தாய், "இன்னும் முடியல்ல எண்டு."

தொலைபேசியை எங்கேயோ வைத்தாள். வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு செருப்பில்லாத காலடி, சீமெந்துத் தரையில், மெதுவாகப் போனது. மலர் என் கையைப் பிடித்தாள். நாங்கள் இரண்டு பேரும் தொலைபேசிக்குக் குனிந்தோம். பூட்டாமலே கிடந்து துருப்பிடித்த இரும்பு முதலில் கிறீச்சிட்டு இறுகி நின்றது. பிறகு, ஒரு தள்ளலில், கொளுக்கி அதன் வளையத்தில் விழுந்தது.